டிங் சத்தமும் டொக் சத்தமும்

என் மகளுக்கு என்ன என்று கண்டுபிடிப்பதற்காக வந்த ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமை வைத்துக்கொண்டு, ஒரு மழைக்காலம் முழுக்க நான் ஊரிலுள்ள மற்றவர்களுக்கெல்லாம் என்ன என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். டீக்கடைக்காரருக்குப் பார்த்தேன். எங்கள் சூளை மேஸ்திரிக்குப் பார்த்தேன். கேபிள் டிவி காசு வாங்க வந்தவரை நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பார்த்தேன். எனக்கே இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். பாப்பாவுக்கு மட்டும் பார்க்கவில்லை. அவளுக்குப் பார்த்தால் அந்தப் பெட்டி ஏதாவது பதில் சொல்லிவிடும். நாற்பதைத் தாண்டிய, வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கிற ஒருவன், மேசைமேல் இருக்கும் ஒரு பெட்டிக்குப் பயந்தான் என்று சொல்வதைவிட, ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான் என்று சொல்லிக்கொள்வது கௌரவமாக இருந்தது.

இது நடந்தது இரண்டாயிரத்துக்குப் பிறகு ஆறேழு வருடம் கழித்து. விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் எனக்குச் சின்னதாக ஒரு யூனிட் இருந்தது. டீக்கடைக்கான கப்பும் ஊறுகாய்க் கிண்ணமும் செய்தோம். இடையிடையே பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுவேன். என் கட்டுரையைப் படித்துச் சிரித்தவர்களைவிட என் கப்பைப் பார்த்துச் சிரித்தவர்களே அதிகம். மனைவிக்குத் தபால் ஆபீஸில் கவுண்டர் வேலை. வீட்டில் உறுதியாக வருகிற சம்பளம் அவளுடையதுதான்.

பாப்பாவுக்கு அப்போது ஐந்து வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். பசித்தால் கேட்கமாட்டாள். ஆனால் ஊமை என்று யாரும் சொல்லிவிட முடியாது; எங்கள் வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்ததால், கண்டக்டர்கள் பேசுவதெல்லாம் அவளிடம் இருந்தது. காலையில் எழுந்ததும் ‘சேத்தியாத்தோப்பு சேத்தியாத்தோப்பு, உள்ள போ உள்ள போ’ என்று யாரையோ ஏற்றுவாள். மத்தியானம் ஸ்ரீமுஷ்ணம் வண்டி. சாயங்காலம் ‘வடலூர் கடலூர் பாண்டி.’ இதில் எங்களுக்கென்று அவள் சொன்னது ஒன்றே ஒன்று. சாப்பிட்டு முடித்து எழுந்திருக்க வேண்டுமா, கல்யாண மண்டபத்தைவிட்டுக் கிளம்ப வேண்டுமா, கொல்லைப்பக்கம் போக வேண்டுமா, எதுவானாலும் எங்கள் விரலைப் பிடித்து இழுத்து, ‘போலாம் ரைட்’ என்பாள். அதை நாங்கள் பேச்சு என்று கணக்கில் சேர்க்கவில்லை.

அந்த ஜூன் மாதம் அவளை ஸ்கூலில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போனோம். தலைமை ஆசிரியை நல்ல மாதிரி. மேசைக்கு வெளியே குனிந்து, “பேர் என்ன கண்ணு?” என்றார்.

“வடலூர் கடலூர் பாண்டி” என்றாள் பாப்பா, மின்விசிறியைப் பார்த்து.

அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, “கிளாஸ்ல ஒண்ணுக்கு வந்தா சொல்லுமா சார்?” என்று கேட்டார்.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. என் மகளைப் பற்றி ஒருவர் கேட்கக்கூடிய கேள்வியா இது? தாமதமாகப் பேசத் தொடங்கிய மேதைகளைப் பற்றி ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினேன். எங்கெங்கோ படித்தது எல்லாம் வந்தது. இடையில் கிரேக்க நாட்டுக்குக்கூடப் போய்வந்தேன் என்று நினைக்கிறேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரிங்க சார், அடுத்த வருஷம் பாக்கலாம்” என்றார்.

விஷயம் திட்டக்குடியில் இருக்கும் என் அக்கா காதுக்குப் போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்து இறங்கி, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே தீர்ப்பைச் சொன்னாள். “ஆத்தாகாரி ஆபீசு ஆபீசுன்னு ஓடுனா, புள்ள யாருகிட்டதான் பேசும்? செவுத்துகிட்டயா?”

மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். அன்றிலிருந்து வேலையை விட்டுவிடுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். பாப்பாவுக்கு என்ன என்று தெரிந்தால்தான் அடுத்த ஜூனில் தலைமை ஆசிரியையிடம் போய் நிற்க முடியும். அதுவரை எல்லாப் பழியும் தன்மேல்தான் என்று அவள் முடிவுசெய்துவிட்டதைப் போலிருந்தது.

பழி சொன்ன அக்காவின் மகன்தான் வழியும் கொண்டுவந்தான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். ஆயுத பூஜை லீவுக்கு வந்தவன் ஒரு சிடியைக் கொடுத்தான். அவனும் இரண்டு நண்பர்களும் ஆபீஸ் நேரம் போக உட்கார்ந்து செய்தது.

“ஆட்டிசம் இருக்கான்னு பாக்குறதுக்கு மாமா. ரெண்டு பார்ட் இருக்கு. மொதல்ல நம்மளக் கேள்வி கேக்கும். அப்பறம் பாப்பாவுக்கு அதுவே பாடம் சொல்லித்தரும். ஆர்ட்டிபிஷியல் இன்டலிஜென்ஸ்.”

“அப்படின்னா?”

“நீங்க ஒவ்வொண்ணா பதில் சொல்லச் சொல்ல, அது உள்ளுக்குள்ளயே யோசிச்சு ஒரு முடிவுக்கு வரும்.”

“நம்ம வூட்ல ஏற்கெனவே ஒருத்தி அப்படித்தான் இருக்கேன்” என்றாள் மனைவி.

ஊரில் நாலு பேரிடம் சோதித்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனான். அந்த நாலு பேரை நான் பிடித்துக்கொண்டேன். மழைக்காலத்தில் கப் காயாது. எனக்கும் வேலை கிடையாது. யூனிட்டின் முன்னறையில், பெரிய தலை மானிட்டர் முன்னால், ஊரே வந்து உட்கார்ந்தது. குழந்தைகளுக்கான கேள்விகளைப் பெரியவர்களுக்குக் கேட்டால் என்ன ஆகும் என்று அதைச் செய்தவர்கள் யோசித்திருக்கமாட்டார்கள். ‘கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாரா?’ என்ற கேள்விக்கு மேஸ்திரி, “சூளைகிட்ட நின்னா எவன் கூப்புட்டாலும் காதுல வுழாது” என்றார். கடைசியில் அவருக்கு ‘அறிகுறிகள் உள்ளன, நிபுணரை அணுகவும்’ என்று வந்தது. நான் சங்கடத்தோடு சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“இத்த ஒரு பேப்பர்ல எடுத்துக் குடுங்க மொதலாளி. கூப்புட்டா திரும்பலன்னு வூட்ல தெனமும் சண்ட. கம்ப்யூட்டரே சொல்லிடுச்சுன்னு காட்டுறேன்.”

டீக்கடைக்காரருக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது. அதைக் கடையில் போர்டாக மாட்டலாமா என்று கேட்டார். எனக்கு இரண்டு முறையும் ‘நிபுணரை அணுகவும்’தான். இதை மனைவியிடம் ஒரு வேடிக்கையாகச் சொன்னேன்.

“அப்ப மெஷினு நல்லாத்தான் வேல செய்யுது” என்றாள் அவள். பிறகு, சிரிக்காமல், “போதும்ங்க. பாப்பாவுக்குப் பாருங்க” என்றாள்.

மறுநாள் அவள் ஆபீஸ் போனதும் பார்த்தேன். நாற்பதுக்கு மேற்பட்ட கேள்விகள். ‘குழந்தை பொருட்களை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருக்குமா?’ கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். பாப்பா ஷெட்டில் உட்கார்ந்து, இன்னும் சுடாத பச்சைக் கப்புகளைப் பலகைமேல் அடுக்கிக்கொண்டிருந்தாள், எல்லாக் காதும் ஒரே திசையில். அவளுக்குப் பக்கத்தில் வேலை செய்யும் இரண்டு பெண்களும் அதையே செய்துகொண்டிருந்தார்கள். எங்கள் பேட்டையில் வரிசையாக அடுக்காதவனுக்குச் சோறு கிடையாது. ‘இல்லை’ என்று அடித்தேன். ‘சுழலும் பொருட்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்குமா?’ கப்புக்கு உருவம் கொடுக்கும் சக்கரம் நாள் முழுக்கச் சுற்றுகிற இடம் இது. உள்ளே வருகிற இன்ஸ்பெக்டரே வாயைத் திறந்துகொண்டு பார்ப்பார். ‘இல்லை.’ ‘கேட்ட சொற்றொடர்களையே திரும்பத் திரும்பச் சொல்லுமா?’ கண்டக்டரைவிடக் குறைவாகத்தான் சொல்கிறாள். ‘இல்லை.’

இயந்திரம் கொஞ்சம் யோசித்தது. யோசிப்பதற்கு அடையாளமாக ஒரு மணல் கடிகாரம் சுற்றியது. ‘அறிகுறிகள் மிகக் குறைவு’ என்றது.

தபால் ஆபீஸுக்கு ஓடினேன். கவுண்டரில் வரிசையாக ஆட்கள் நின்றார்கள். அவர்கள் தலைக்கு மேலாகக் கம்பி வலைக்குள் பார்த்து, “ஒண்ணும் இல்லையாம்!” என்று கத்தினேன். மனைவி முத்திரை குத்துவதை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். வரும் வழியில் மைசூர்பாகு வாங்கி, டீக்கடை, மேஸ்திரி, பக்கத்து யூனிட் என்று கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். சும்மாதான் என்றேன்.

சாயங்காலம் அவள் கைப்பையைக்கூட வைக்காமல் கம்ப்யூட்டர் முன்னால் வந்து நின்றாள். “என்ன பதில் போட்டீங்கன்னு காட்டுங்க.”

அடுக்குகிற கேள்வி வந்தது. “அடுக்குறாளே?” என்று ‘ஆம்’ அடித்தாள். உடனே நான் பார்த்தே இராத ஒரு கேள்வி திறந்துகொண்டது: ‘அந்த வரிசையை யாராவது கலைத்தால் தாங்கமுடியாமல் அழுமா?’

இருவருக்கும் ஒரே நாள் ஞாபகத்துக்கு வந்தது. மேஸ்திரி அவசரத்துக்கு ஒரு கப்பை எடுத்துவிட்டார். பாப்பா அன்றைக்கு முழுவதும் சாப்பிடவில்லை. அழுது அழுது குரல் கட்டிப்போய், அப்படியே தூங்கினாள்.

“மேஸ்திரி அடுக்குன வரிசைய நீங்க கலைச்சா அவரு அழுவாரா?”

“திட்டுவார்.”

“திட்டுறது வேறங்க.”

அவள் அடித்த ஒவ்வொரு ‘ஆம்’க்குள்ளும் இன்னும் இரண்டு மூன்று கேள்விகள் இருந்தன. நான் ‘இல்லை’ போட்டு அந்த அறைகளை எல்லாம் வெளியிலிருந்தே பூட்டிவிட்டு வந்திருக்கிறேன். மணல் கடிகாரம் இந்த முறையும் அதே நேரம்தான் சுற்றியது. ‘அறிகுறிகள் அதிகம். தாமதிக்காமல் குழந்தை மருத்துவ நிபுணரை அணுகவும்.’

மனைவி நாற்காலியில் உட்கார்ந்தாள். மேசைமேல் இருந்த மைசூர்பாகுப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினாள். “வாங்கிட்டீங்க. வீணாக்க வேணாம்.”

பொங்கல் கழிந்து பாண்டிச்சேரியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். போகும் பஸ்ஸில் கண்டக்டர் ‘வடலூர்’ என்று ஆரம்பிப்பதற்குள் பாப்பா மீதியைச் சொல்லி முடித்துவிட்டாள். அவர் பையைத் தோளில் இருந்து இறக்கி, “டிக்கெட்டும் நீயே போட்டுடறியா பாப்பா? நான் செத்த ஒக்காருறேன்” என்றார். வண்டியே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். சிரிப்பு நின்ற பிறகு மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டரம்மாவிடம் கம்ப்யூட்டர் தந்த பேப்பரைப் பயபக்தியோடு நீட்டினேன். ஒரு பார்வை பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தில் ஒரு பஸ் படம் வரைந்தார். அதை எடுத்துக்கொண்டு தரையில் பாப்பாவுக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். வெளியே காத்திருந்தவர்கள் இரண்டு முறை கதவைத் தட்டினார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது, “ஆட்டிசம்தாங்க” என்றார்.

மனைவி கேட்டது ஒரே கேள்வி. “நான் வேலைக்குப் போனதாலயாங்க?”

“இல்ல.”

“டிவி போட்டு வுட்டதால...”

“இல்லம்மா. நீங்க செஞ்சதாலயும் இல்ல, செய்யாததாலயும் இல்ல. அவ பொறந்ததே இப்படித்தான். வேலைய வுட்டுடாதீங்க. பொறுமையா நெறைய சொல்லிக்கொடுக்கணும், அதுக்கு வூட்ல ரெண்டு பேரும் தெம்பா இருக்கணும்.”

நான் என் பேப்பரைப் பற்றிக் கேட்டேன். விட மனமில்லை. “கேள்வியெல்லாம் சரியாத்தான் கேட்டிருக்குது” என்றார். “இத்த நம்பி நீங்க வந்தீங்க இல்ல, அந்த வரைக்கும் அது வேல செஞ்சிடுச்சு. முடிவு சொல்றது அது வேல கெடையாது. பாடம் சொல்லித்தருதுன்னா குடுத்துப் பாருங்க. கொஞ்ச கொஞ்ச நேரம். அவளுக்குப் பிடிச்ச மாதிரி.”

வெளியே வந்ததும் எனக்குக் கடுமையாகப் பசித்தது. இப்படி ஒரு செய்தியைக் கேட்டுவிட்டுப் பசிக்கலாமா என்று வெட்கமாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் மனைவி ஓட்டல் போர்டைப் படித்துக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் பரோட்டா சாப்பிட்டோம். அவள் குருமா இரண்டு முறை கேட்டு வாங்கினாள். பஸ் ஸ்டாண்டில் இருந்த ஒரு ரூபாய் போனில் திட்டக்குடிக்குப் போட்டாள். “அண்ணி, டாக்டரு சொல்லிட்டாங்க. ஆபீசு காரணமில்லையாம். வெச்சிடறேன்.” வைத்தும்விட்டாள். கடலூர் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். குறிஞ்சிப்பாடியில் வண்டி குழியில் இறங்கி ஏறியதில் என் தலைதான் இடித்தது, அவள் விழிக்கவில்லை. பல மாதங்களாக அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

அடுத்தது இரண்டாம் பாகம். திரையில் மூன்று படங்கள் வரும். ‘யானை எங்கே?’ என்று ஒரு குரல் கேட்கும். பாப்பா மௌஸால் தொட வேண்டும். சரியாகத் தொட்டால் மேலே போகும். தப்பானால் இயந்திரம் அவளுக்கேற்றபடி தன்னை எளிமையாக்கிக்கொள்ளும். அதுதான் அதன் அறிவு என்று மருமகன் போனில் விளக்கினான். சரியான பதிலுக்குக் கைதட்டலோடு ‘சபாஷ்!’ தப்பான பதிலுக்குக் குழந்தை மனம் நோகக் கூடாது என்று மெல்லிய ஒரு மணியோசை. அந்த மணியைத் தேர்ந்தெடுக்க மட்டும் ஒரு வாரம் யோசித்தார்களாம்.

மௌஸ் பிடிப்பதை அவள் உடனே கற்றுக்கொண்டாள். என்னைவிட நன்றாகப் பிடித்தாள். யானை எங்கே என்றால் குடையைத் தொட்டாள். குடை எங்கே என்றால் வாழைப்பழம். இயந்திரம் கருணையோடு இறங்கிவந்தது. மூன்று படம் இரண்டானது. நிறம் பளிச்சென்று ஆனது. யானை பெரிதானது. அவள் தப்பாகவே தொட்டாள். கடைசியில் திரையில் ஒரே ஒரு யானை, தனியாக நின்றது. ‘யானை எங்கே?’ பாப்பா கவனமாக மௌஸை நகர்த்தி, யானை இல்லாத மூலையைத் தொட்டாள்.

போன் போட்டேன்.

“மாமா” என்று இழுத்தான் மருமகன். “அதுக்குக் கீழ நாங்க லெவலே வெக்கல.”

அந்த வாரங்களைப் பற்றி நகைச்சுவையாக எழுத எனக்கு இன்றும் வரவில்லை. ஆட்டிசம் என்ற பெயரை நாங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டோம். ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் பிள்ளைக்கு யானை எது, குடை எது என்றுகூடத் தெரியாது என்றால், ஜூன் மாதம் எந்த ஸ்கூல் படியில் போய் ஏறுவது? யோசிக்கத் தெரிந்த இயந்திரமே கையை விரித்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி கீரை ஆய்ந்துகொண்டே பாப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். நான் மறுபடி முதலிலிருந்து, மூன்று படத்திலிருந்து போட்டுவிட்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கீரை ஆய்வது நின்றது.

“ஏங்க, இவ ஒண்ணுகூட சரியா தொடலயே.”

“அதைத்தானே நானும் ஒரு மாசமா சொல்றேன்.”

“நீங்க சொல்றது வேற. கண்ண மூடிக்கிட்டுத் தொட்டாகூட மூணுல ஒண்ணு எப்பவாவது சரியா வந்துடும் இல்ல? இவளுக்கு ஒரு தடவகூட தப்பித்தவறி சரியா வரலயே. சரியானது எதுன்னு தெரிஞ்சாதானே அத்த வுட்டுட்டுத் தொட முடியும்?”

என் இரண்டு அலமாரிப் புத்தகத்தில் இந்தக் கணக்கு எங்கும் இல்லை.

“வேணும்னே செய்யுறா” என்றாள் மனைவி. “எதுக்குன்னுதான் தெரியல.”

மறுநாள் சூளை பிரித்தோம். வெந்து வந்த கப்புகளைத் தரம் பார்ப்பது என் வேலை. முதலாளி என்று பேரே தவிர, சின்ன யூனிட்டில் அதற்குத் தனியாக ஆள் வைக்க முடியாது. ஒவ்வொரு கப்பையும் காதைப் பிடித்துத் தூக்கி, ஒரு சின்னக் குச்சியால் தட்ட வேண்டும். ‘டிங்’ என்றால் நல்ல கப். வைக்கோல் போட்ட கூடைக்குப் போகும். ‘டொக்’ என்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல்; உடைசல் குவியலுக்கு. உட்காரப் பழகிய நாளிலிருந்து பாப்பா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். டிங் என்ற கப்பை அவளிடம் கொடுப்பேன், அவள் கூடையில் வைப்பாள். அவளுக்குப் பொழுது போகட்டும் என்று செய்தது. பிறகு பழக்கமாகிவிட்டது.

அன்றைக்கும் தட்டிக்கொண்டிருந்தேன். மனம் வேறெங்கோ இருந்தது. டிங். பக்கத்தில் ஒரு சின்னக் கை நீண்டது. கொடுத்தேன். டிங். கை நீண்டது. டொக். கை வரவில்லை. தூக்கிப் போட்டேன். டிங். கை வந்தது.

குச்சி என் கையிலேயே நின்றது. மெதுவாக, சோதனைக்காக, உடைசல் குவியலிலிருந்து ஒன்றை எடுத்து நல்ல கப் மாதிரி அவளிடம் நீட்டினேன். வாங்கவில்லை. தட்டினேன். டொக். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இது தெரியாதா என்பதுபோல் இருந்தது.

எங்கள் மலிவான ஸ்பீக்கரில் அந்தக் கைதட்டலும் ‘சபாஷ்’ என்ற கட்டைக் குரலும் எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பார்த்தேன். சுத்தமான டொக். ஒரு வாரம் யோசித்துத் தேர்ந்தெடுத்த அந்த மணியோசை? காட்டு விறகில் பதமாக வெந்த முதல்தரக் கப். பாப்பா ஒரு மாதமாக ஒரு தவறுகூடச் செய்யாமல் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு மூன்று வருடமாக நான் சொல்லிக்கொடுத்தபடியே.

கப்பைப் போட்டுவிட்டு நான் எழுந்து ஓடியதைப் பார்த்து, சூளையில் ஏதோ வெடிக்கப்போகிறது என்று மேஸ்திரியும் பின்னாலேயே ஓடிவந்தார்.

போனில் மருமகன் சுலபத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. “மாமா, தப்புக்கு நல்ல சத்தம் வர்றதுல அவளுக்கு ஆசை வந்திருக்கலாம், ஆனா அல்காரிதத்துல...”

“டேய், சத்தத்த மாத்த முடியுமா முடியாதா?”

“ரெண்டு பைல் இருக்கு. ஒண்ணோட பேர இன்னொண்ணுக்கு வெச்சிடுங்க” என்றான். எப்படி என்று சொல்லவும் செய்தான். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே கம்ப்யூட்டர் திருத்தம் அதுதான்.

மனைவி வரும்வரை காத்திருந்தோம். அவள் இல்லாமல் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இந்த முறை அதை ஆராய்ச்சி என்று சொல்லவில்லை. பாப்பாவை உட்காரவைத்தோம். ‘யானை எங்கே?’ பழக்கப்படி குடையைத் தொட்டாள். கைதட்டல், சபாஷ். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். ஸ்பீக்கரைப் பார்த்தாள். விரிசல் விட்ட கப்பைப் பார்க்கும் அதே பார்வை. பிறகு மௌஸை நகர்த்தி யானையைத் தொட்டாள்.

டிங்.

அதன்பிறகு அவளை யாரும் நிறுத்த முடியவில்லை. குடை, வாழைப்பழம், சிவப்பு, பச்சை, பெரியது, சின்னது. மூன்று படம் ஆறாகியது, ஒன்பதாகியது. எண்கள் வந்தன. எழுத்துகள் வந்தன. நாங்கள் சொல்லிக்கொடுத்தே இராத எழுத்துகளை அவள் டிங் டிங் என்று தட்டிக்கொண்டு போனாள். பஸ் போர்டுகளிலிருந்து எடுத்திருக்கிறாள் என்று பிறகுதான் புரிந்தது. இருட்டுவதற்குள் திரையில் பூக்கள் கொட்டி, ‘வாழ்த்துகள், பாடங்கள் முடிந்தன’ என்று வந்தது. பாப்பா இன்னும் கேட்டு மௌஸைத் தட்டினாள். மேலே ஒன்றும் இல்லை. மேலேயும் அவர்கள் லெவல் வைத்திருக்கவில்லை.

மனைவி முந்தானையால் மானிட்டர் திரையைத் துடைத்தாள். திரை சுத்தமாகத்தான் இருந்தது.

மருமகனுக்கு அந்த மதிப்பெண்களை அனுப்பினேன். அன்றே கூப்பிட்டான். “மாமா, கோச்சிக்காதீங்க. நீங்க ஒக்காந்து அடிச்சீங்களா?”

அன்றிலிருந்து எல்லாம் தலைகீழாக மாறிவிட்டது என்று எழுதினால் பொய். பேர் சொல்லிக் கூப்பிட்டால் அப்போதும் திரும்பவில்லை. ஆனால் சமையலறையில் ஒரு கப்பைத் தட்டினால் எங்கிருந்தாலும் வந்துவிடுவாள். நாங்கள் அப்படியே கூப்பிடப் பழகிக்கொண்டோம். கப்பைத் தட்டிவிட்டுப் பேரையும் சேர்த்துச் சொல்லச் சொல்லி டாக்டரம்மா கற்றுக்கொடுத்தார். மருமகனும் நண்பர்களும் மேலே லெவல் செய்து அனுப்பினார்கள், எந்தச் சத்தம் வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேட்கும்படி மாற்றி. பாப்பாவின் வரிசையைத் தொடக் கூடாது என்று ஷெட்டில் ஒரு பலகை ஒதுக்கினோம். மேஸ்திரி அதைத் தாண்டிப் போகும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். மனைவி வேலையை விடுவது பற்றிப் பேசுவதை எப்போது நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியாது. நின்றுவிட்டதைத்தான் கவனித்தேன்.

ஜூன் வந்தது. டாக்டரின் கடிதம், கம்ப்யூட்டரின் மதிப்பெண்கள், எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டுக்கொண்டு அதே தலைமை ஆசிரியை முன்னால் போய் உட்கார்ந்தோம். நான் ஆரம்பித்தேன். செயற்கை அறிவு என்றால் என்ன, அது எப்படி யோசிக்கிறது, எங்கே தவறியது, டிங் எது, டொக் எது, உலகத்தில் வேறு எந்த ஊரிலும் நடந்திருக்க முடியாத இந்தக் குழப்பத்தை நாங்கள் எப்படித் தீர்த்தோம் என்று விளக்கிச் சொன்னேன். உதாரணத்துக்கு அவர் மேசைமேல் இருந்த டம்ளரைக்கூடப் பென்சிலால் தட்டிக் காட்டினேன். மணி அடித்து ஒரு பீரியட் முடிந்து அடுத்த பீரியட் தொடங்கியது. பாப்பா சுவரில் மாட்டியிருந்த கால அட்டவணையை வரிவரியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கடைசிவரை கேட்டார். டாக்டரின் கடிதத்தை மட்டும் எடுத்து நிதானமாகப் படித்தார். மடித்து வைத்தார்.

“ரொம்ப சந்தோஷம் சார். கிளாஸ்ல ஒண்ணுக்கு வந்தா சொல்லுமா?”

நான் மறுபடி பைலைத் திறக்கப் போனேன். மனைவி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“சொல்லுவா டீச்சர். வெரலப் புடிச்சு இழுத்து ‘போலாம் ரைட்’ம்பா. அப்பக் கூட்டிட்டுப் போயிட்டாப் போதும்.”

“எப்பலேருந்து சொல்லுது?”

“மூணு வயசுலேருந்துங்க.”

தலைமை ஆசிரியை பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். “இத்த போன வருஷமே சொல்லியிருந்தா அப்பவே சேத்திருப்பேனே சார்.”